ஓய்வு மட்டும் போதாது

நாள்பட்ட முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வும் இடுப்புப் பெல்ட்டுமே போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட கீழ்முதுகு 8 மாதங்கள் விடாமல் வலித்த நிலையில், 3 வாரங்கள் படுத்தே கிடந்ததில் தசைகள் தளர்ந்து, எழுந்து நிற்பதே எனக்குப் பெரும்பாடாயிற்று; பின்னர் இயன்முறை மருத்துவரின் சொற்படி 10 நிமிட நடையில் தொடங்கி, மறுநாள் வலி கூடாத அளவுக்கு மட்டும் நேரத்தை நீட்டியபோதுதான் முன்னேற்றம் தெரிந்தது. (மூட்டை தூக்க மட்டும் வீட்டார் இன்னும் விடுவதில்லை.) உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இத்தகைய வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது, இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. ஆனால், தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ, நடைப்பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.