கேள்விக்கு நேரமில்லை என்றால் எங்களை ஏன் அழைக்கிறீர்கள்?

சனிக்கிழமை நூலக அரங்கில் நடந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "நிகழ்ச்சி சிறப்பாகவே நடந்தது, சிலர் குறை சொல்வதற்கென்றே வருகிறார்கள்" என்று ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்தபிறகு மனசு ஆறவில்லை.

உறுப்பு தானம் பற்றிய பேச்சு. பேச வந்தவர் சிறுநீரக மருத்துவர். நல்ல தமிழ், நிதானமான விளக்கம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் போக அவருக்குக் கிடைத்தது அரை மணி நேரம். கேள்வி பதில் அங்கத்தில் முதல் வரிசைக்காரர் ஒருவர் கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து ஓர் உரையே ஆற்றினார். அப்புறம் பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "மூச்சு ஓடிக்கிட்டு இருக்கும்போதே செத்துட்டாருன்னு எப்படிங்க டாக்டர் சொல்றீங்க?" என்று கேட்டார். மருத்துவர் பதில் சொல்ல ஒலிவாங்கியை எடுத்துவிட்டார். அதற்குள் நெறியாளர், "அம்மா, இதையெல்லாம் வெளியில தனியா கேட்டுக்குங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அந்த அரங்கில் எழுந்த உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

இறந்தவரின் உறுப்பை எடுத்துத் தேவைப்படுபவருக்குப் பொருத்த வழிசெய்யும் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இங்கே சிங்கப்பூரில் 1987இல் வந்தது. முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004இல் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவையும் சேர்ந்தன, எந்தக் காரணத்தால் இறந்தாலும் பொருந்தும் என்றானது. 2008இல் முஸ்லிம்களும் சேர்க்கப்பட்டார்கள். 21 வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் விலகுவதாக எழுதிக் கொடுக்காவிட்டால் தாமாகவே சட்டத்துக்குள் இருக்கிறார்கள், சேர்வதற்குப் பாரம் தேவையில்லை. விலகியவருக்கு நாளைக்கு ஓர் உறுப்பு தேவைப்பட்டால் முன்னுரிமை குறைவு. என் பக்கத்தில் இருந்த பெரியவர், "சேர்றதுக்கு எங்க தம்பி பாரம் வாங்கணும்?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கும் பதில் அந்தக் கேள்வி நேரத்தில்தான் கிடைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். என் தாய்மாமா மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தார். மருத்துவமனையில் மூளைச்சாவு, அதாவது மூளை இனி திரும்பாதபடி செயலிழந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சூடா இருக்குடா, நெஞ்சு ஏறி இறங்குது பாரு, இவரையா போயிட்டாருன்னு சொல்றாங்க?" என்று கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காற்றை உள்ளே தள்ளுவது செயற்கைச் சுவாசக் கருவிதான், ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை இதயம் மூளையின் உத்தரவு இல்லாமலேயே துடிக்கும், மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழந்தபின் கண்ணில் ஒளி அடித்தாலும் பாவை சுருங்காது, உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் சம்பந்தப்படாத இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்தாக வேண்டும். இதெல்லாம் பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த ராத்திரி அத்தைக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. அத்தை இன்றைக்கும் தன் கணவரை உயிரோடு விட்டுக்கொடுத்துவிட்டதாகத்தான் நினைக்கிறார்.

சனிக்கிழமை எழுந்த அம்மாவும் அதையேதான் கேட்டார். இரண்டு நிமிடப் பதில். அதைக்கூடக் கொடுக்க முடியவில்லை.

2007இல் இங்கே ஒரு குடும்பம், மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்க இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று மருத்துவர்கள் முன் மண்டியிட்டுக் கெஞ்சியது பலருக்கு நினைவிருக்கும். சாவைப் பற்றி வீட்டில் பேச மாட்டோம், கோயிலில் பேச மாட்டோம். பொது மேடையிலும் பேசக்கூடாது என்றால் எங்கேதான் பேசுவது?

மரியாதை செய்வது நம் பண்பாடு என்கிறார்கள். யார் இல்லை என்றது? செய்யுங்கள். ஆனால் நேரம் போதாதபோது பொன்னாடையைக் குறைக்காமல் கேள்வியைக் குறைக்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது. உணர்ச்சிகரமான விஷயம், பிரச்சினையாகிவிடும் என்கிறார் இன்னொருவர். கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்த ஒருத்தி கேட்பதில் என்ன பிரச்சினை வந்துவிடும்? அரங்கத்தை நேரத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டும் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வாழ்த்துரை எதற்கு மூன்று?

இந்த ஊரில் தமிழ் மேடை இப்படித் தொடங்கவில்லை. பெரியார் 1929இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார், 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது, 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். சாதியையும் மூடநம்பிக்கையையும் நேருக்கு நேர் கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி விழா எடுக்கிறோம், பின்வரிசை அம்மாவை உட்காரச் சொல்கிறோம்.

இளையர்கள் தமிழ் நிகழ்ச்சிக்கு வருவதில்லை என்று அப்புறம் வருத்தப்படுகிறோம். என் மகள் ஆங்கிலத்தில் நடக்கும் உரைகளுக்குப் போய் வாதாடிவிட்டு வருகிறாள். தமிழ் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால், "அங்க கைதட்டத்தானேப்பா விடுவாங்க" என்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? இந்தப் பேச்சு நமக்குத்தான் அதிகம் தேவை. 2010 தேசிய சுகாதார ஆய்வில் இங்குள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மொத்த மக்களில் 11.3. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்காருபவர்கள் நம் வீட்டு ஆட்கள். மருத்துவரிடம் தமிழில் கேட்க வாய்ப்பு வருவதே அபூர்வம்.

"முடிந்தால் நீ நடத்திக் காட்டு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, நான் தயார். அதே மருத்துவரை மறுபடி அழையுங்கள். நாற்காலி போடுகிறேன், ஒலிவாங்கியைப் பின்வரிசைக்கு நானே கொண்டு போகிறேன். பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் கேள்வி. முதல் கேள்வி அந்த அம்மாவுடையது. தேதியை மட்டும் சொல்லுங்கள்.