கூட்டமாகப் போய்ப் பாட்டுக் கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

நாங்கள் சிலர் சேர்ந்து நியூயார்க்கில் ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய நாடகம், பார்க்கப் போனோம். அன்றைக்கு எடுத்த படத்தை ஒருவர் கேலி செய்து பதிவாகப் போட்டிருக்கிறார். அதை யார் எடுத்துப் போட்டது, என்ன எழுதிப் போட்டது, கீழே யார் யார் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லி அந்தப் பதிவுக்கு இன்னும் ஆள் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. ஓபரா அரங்கம் இருக்கும் லிங்கன் சென்டர் வளாகத்து நீரூற்றுக்கு முன்னால் நின்று நாங்கள் எடுத்துக்கொண்ட படம் அது. 'டாலர் கொழுப்பு' என்று ஒருவர். 'அலறுவதைக் காசு கொடுத்துக் கேட்கும் கூட்டம்' என்று இன்னொருவர். 'திங்கட்கிழமை ஆபீஸில் வெள்ளைக்காரனிடம் பந்தா காட்டணும்ல' என்று மூன்றாமவர். முதல் இரண்டு பேரை எனக்குத் தெரியாது. மூன்றாமவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார். அதுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

நாங்கள் பாட்டுக் கேட்கப் போனோம். இதை இந்தப் பதிவில் இன்னும் சில தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிற ஆட்கள், முக்கால்வாசிப் பேர் முப்பதைச் சுற்றி. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள், ஒரு நர்ஸ், கணக்குத் தணிக்கை பார்க்கும் ஒரு அக்கா, ஆய்வகத்தில் ராத்திரி பகலாகக் கிடக்கும் ஒருவர். யாரும் ஓபரா கேட்டு வளரவில்லை. ஓபராவுக்கு இசையமைத்த வெர்டி யார், புச்சீனி யார் என்று எங்கள் வீடுகளில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் சேர்ந்து போகிறோம். போவதற்கு முந்தைய வாரம் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து கதையைப் பேசிக்கொள்வோம், முக்கியமான நாலு பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்வோம். இடைவேளையில் ஒருவர், 'அவள் அழும்போது பின்னால் புல்லாங்குழல் மட்டும் தனியாகப் போனதே, கவனிச்சீங்களா' என்று கேட்பார். கவனிக்காத மூன்று பேரும் அடுத்த அங்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். ரசனை இப்படித்தானே வரும்? சபாவில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தொடையில் தட்டுவதைப் பார்த்துத் தாளம் பழகிய பிள்ளைகளை நாம் யாரும் பந்தா என்று சொன்னதில்லையே. எங்களுக்கு அந்தப் பெரியப்பா கிடையாது. ஒருவருக்கொருவர் நாங்களே பெரியப்பாவாக இருந்துகொள்கிறோம்.

சரி, டாலர் கொழுப்புக்கு வருகிறேன். நாங்கள் போகும் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக மெட்) வார நாள் மாலைக் காட்சிகளுக்கு அன்றைக்கு மதியம் 12 மணிக்கு இணையத்தில் 25 டாலர் டிக்கெட் விடுவார்கள். ரஷ் டிக்கெட் என்று பெயர். அந்த நேரத்தில் மீட்டிங்கில் இருந்தால் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு முயற்சி செய்வோம். கிடைக்காவிட்டால் உச்சி மாடி, ஃபேமிலி சர்க்கிள். அங்கிருந்து மேடையில் நிற்பவர்கள் விரல் அளவுதான் தெரிவார்கள், ஒரே ஒரு பைனாகுலர் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் சத்தம் வந்து சேரும் பாருங்கள், அதற்காகவே அங்கே உட்காரலாம். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கென்று சில வெள்ளிக்கிழமைகளில் விலையைக் குறைத்தும் தருகிறார்கள். உடுப்புக்குக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கோட்டு சூட்டுப் போட்டவர் பக்கத்தில் ஜீன்ஸோடு உட்காரலாம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெரிய நடிகர் படம் வந்தால் முதல் காட்சிக்கு இதே ஊரில் நீங்கள் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டேனா? கேட்க மாட்டேன். அது உங்கள் சந்தோஷம்.

அந்தப் படத்தில் இடது ஓரமாக நீல ஸ்வெட்டரில் ஒரு தம்பி நிற்கிறான், பார்த்திருப்பீர்கள். அவனுக்கு வேலை போயிருந்த நேரம் அது. எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். வேலை போனால் மிஞ்சி மிஞ்சி 60 நாள், அதற்குள் வேறு வேலை அமையாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவனை நாங்கள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம், டிக்கெட்டும் நாங்களே சேர்ந்து எடுத்தோம். அன்றைக்கு புச்சீனியின் 'லா போஎம்'. 1896இல் டூரினில் முதலில் மேடையேறியது. கதை ரொம்பப் பெரியது இல்லை. பாரிஸில் ஒரு மொட்டைமாடி அறையில் நாலு பையன்கள், கையில் காசில்லை, குளிருக்கு எரிக்க விறகில்லை, ஒருவன் தான் எழுதிய நாடகத்தையே அடுப்பில் போட்டு எரிக்கிறான். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரை ஊற்றிக் கொடுத்துப் பேச்சை மாற்றித் துரத்திவிடுகிறார்கள். தம்பி என் பக்கம் சாய்ந்து, 'அக்கா, இது எங்க வேளச்சேரி ரூம்' என்றான். பல நாள் கழித்து அவன் சிரித்தது அப்போதுதான்.

கடைசி அங்கத்தில், நாடகம் எழுதியவன் காதலிக்கும் மிமி சாகக் கிடக்கிறாள். மருந்துக்குக் காசு வேண்டும். நாலு பேரில் ஒருவன் தன்னிடம் இருக்கும் ஒரே பழைய கோட்டை அடகு வைக்கக் கிளம்புகிறான், கிளம்பும் முன் அந்தக் கோட்டிடம் விடைபெற்று ஒரு பாட்டுப் பாடுகிறான். இரண்டு நிமிடம்கூட வராது. அடிக்குரல், மைக் கிடையாது, 3,800 இருக்கைகள் இருக்கிற அரங்கம், ஒரு இருமல் இல்லை. அப்புறம் மிமி போய்விடுகிறாள். அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவளைக் காதலித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறான். திரும்பும் வழியில் 66ஆம் தெரு ஸ்டேஷனில் நின்றபோது தம்பி, 'அந்தக் கோட்டுப் பாட்டு எதுன்னு அனுப்பிவிடுங்கக்கா' என்றான். அனுப்பினேன். வேலை அமையவில்லை. இப்போது அவன் தென்காசியில் இருக்கிறான். நீங்கள் கொழுப்பு என்று எழுதியதை அவனும் பார்த்தான். எனக்கு அனுப்பி, 'விடுங்கக்கா' என்று மட்டும் எழுதியிருந்தான். அவன் விட்டுவிட்டான், என்னால் முடியவில்லை.

'மொழியே தெரியாமல் என்னத்தை ரசிக்கிறீர்கள்?' அதிகம் பேர் கேட்டது இதைத்தான். மெட் அரங்கில் 1995 முதல் முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை இருக்கிறது. பாடப் பாட வரி வரியாக ஆங்கிலத்தில் வரும். எங்களுக்கு ஒவ்வொரு வரியும் புரிகிறது. புரியாவிட்டாலும்தான் என்ன? மார்கழியில் மயிலாப்பூரில் தியாகராஜர் கீர்த்தனை கேட்டு உருகுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கு தெரியும்? 'அதை எதிர்த்துத்தானே தமிழிசை இயக்கமே வந்தது' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அண்ணாமலைச் செட்டியாரும் மற்றவர்களும் 1940களில் போராடியது தமிழ் மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று. 1943இல் தமிழ் இசைச் சங்கம் வந்ததும் அதற்காகத்தான். நியூயார்க் மேடையில் தமிழுக்கு வரவேண்டிய இடத்தை இத்தாலியன் பறித்துக்கொண்டதா? இல்லையே. பாட்டுக் கேட்கப் போனவர்களிடம் போய் இந்தச் சண்டையைப் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

'இது வெள்ளைக்காரப் பணக்காரக் கலை' என்பதில் உண்மை இருக்கிறது. மெட் 1883இல் திறந்தது. ஒரு கறுப்பினப் பாடகி அங்கே ஒரு பாத்திரம் ஏற்று முதன்முதலாக மேடையேறியது 1955இல்தான், மேரியன் ஆண்டர்சன். அவருடைய உச்ச காலமெல்லாம் போன பிறகு. இதையும் நாங்கள் பேசுகிறோம், கண்ணை மூடிக்கொண்டு கும்பிடவில்லை. பிஸே எழுதிய 'முத்துக் குளிப்பவர்கள்' என்ற ஓபரா இருக்கிறது, 1863. கதை நடப்பது இலங்கையில். எங்கள் வீட்டு ஹாலில் மெட் அரங்கின் பதிவைப் போட்டுப் பார்த்தோம். குழுவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா உண்டு. பாத்திரங்களின் பெயர் ஸூர்கா, நாதிர் என்று வந்ததுமே அவருக்கு முகம் மாறிவிட்டது. 'உதில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை, கடலும் எங்கட கடல் இல்லை' என்றார். அரை மணி நேரம் நிறுத்திவைத்துச் சண்டை போட்டோம், மன்னாரில் தலைமுறை தலைமுறையாகக் குளித்தவர்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல ஓபராவே மறந்துபோனது. எல்லாம் முடிந்த பிறகு அவரே, 'அந்த ரெண்டு நண்பர்கள் சேர்ந்து பாடினதை மட்டும் இன்னொருக்காப் போடுங்கோ' என்றார். கோபமும் உண்டு, பாட்டும் வேண்டும். இரண்டும் ஒரு ஆளுக்குள் இருக்கக் கூடாதா?

கடைசியாக, 'நம்ம ஊர்க் கூத்துக்குப் போகாதவர்கள் ஓபராவுக்குப் போகிறார்களாம்.' இதை எழுதியவருக்கு நான் யார் என்று தெரியாது. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பங்குனித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடாத வருஷம் கிடையாது. விடிய விடியப் பாட்டும் பேச்சுமாக நடக்கும் ஸ்பெஷல் நாடகம் அது. தாத்தா மடியில் படுத்தபடி கோமாளியான பபூன் வருவதைப் பார்ப்பேன், கண் அசந்துவிடுவேன், வள்ளிக்கும் நாரதருக்கும் பாட்டிலேயே வாக்குவாதம், அதாவது தர்க்கம், ஆரம்பித்ததும் தாத்தா தட்டி எழுப்புவார். கதாநாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் உச்சத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் ஆர்மோனியக்காரர் சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கட்டை மேலே தொட்டுக் காட்டுவார், வா பார்க்கலாம் என்று. அந்தக் கால நாடகப் பாடகர் கிட்டப்பா மைக் இல்லாமல் பாடிய காலத்தைத் தாத்தா அவருடைய அப்பா சொல்லக் கேட்டவர், அதை எனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாடகத்தைப் பாட்டாகவே கேட்கிற பழக்கம் எனக்கு அந்த மணலில் வந்தது. ஃபேமிலி சர்க்கிளில் உட்கார்ந்து மைக் இல்லாத குரல் கூரை வரைக்கும் ஏறி வருவதைக் கேட்கும்போது எனக்குத் தாத்தாதான் ஞாபகத்துக்கு வருகிறார். வெள்ளைக்காரனுக்குப் பந்தா காட்டுகிறேனாம்.

நீங்கள் கடைசியாக ஸ்பெஷல் நாடகம் பார்த்தது எப்போது? விடிய விடிய உட்கார்ந்து பார்த்தீர்களா? போன முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன், முன்வரிசையில் எல்லாம் வயதானவர்கள். என் வயதுக்காரர்கள் பபூன் காமெடி முடிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தர்க்கத்தில் என்ன நடக்கிறது, எந்த ராகத்தில் பதில் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை மேடையில் சொல்லும்போது கும்பிடுகிறார்கள், அவர் எழுதிய பாட்டைக் கேட்டுப் பழக்க யாரும் இல்லை. எங்களைப் போல நாலு பேர் சேர்ந்தால், உடனே நீங்கள் வந்து சிரிக்கிறீர்கள். இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எந்தக் கலையாக இருந்தாலும் புதிதாக வருகிறவன் முதலில் திருதிருவென்றுதான் முழிப்பான். அவனைப் படம் எடுத்துப் போட்டுச் சிரித்தால் அவன் திரும்ப வர மாட்டான்.

எங்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. குழுவில் தமிழ் தெரியாத இரண்டு மூன்று பேர் உண்டு, வள்ளி திருமணம் பற்றி நான் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு மாலை அதற்கு ஒதுக்கச் சொன்னார்கள். தர்க்கக் காட்சியை வரி வரியாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்தது. ஆர்மோனியமும் மிருதங்கமும் தெளிவாகக் கேட்கிற பழைய மேடைப் பதிவு யாரிடமாவது இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். ஜெர்சி சிட்டிப் பக்கம் இருப்பவர்கள் நேரில் வந்தாலும் சந்தோஷம், ஓபராவுக்கு வருகிறவர்களுக்கு ரஷ் டிக்கெட் எடுப்பது எப்படி என்று சொல்லித் தருகிறேன். அந்த மூன்றாமவரும் வரலாம். தம்பி இருக்கும் படத்தை எடுத்துவிட்டு வரட்டும்.