ஒரு பதினஞ்சு ஆம்ப் பாயிண்டுக்கு இத்தனை பஞ்சாயத்தா?

ஞாயித்துக்கிழமை அசோசியேஷன் கூட்டத்துல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும். "பேஸ்மென்ட்ல எலக்ட்ரிக் கார் சார்ஜ் போடக் கூடாது, மாட்டின பாயிண்டைக் கழட்டுங்க"ன்னு கைதூக்கி முடிவெடுத்தாச்சு. அந்தப் பாயிண்டை மாட்டின பி பிளாக் சார் ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சுப் போயிட்டார். அவர் பேசலைன்னா நான் பேசுறேன்.

எலக்ட்ரிக் கார் வாங்கலாமான்னு கேக்குறவங்க எல்லாரும் ரேஞ்சுல, அதாவது ஒரு சார்ஜுக்கு எத்தனை கிமீ ஓடும்ங்கறதுலதான் ஆரம்பிக்கிறாங்க. காகிதத்துல 489 கிமீ போட்டிருக்கிற 45 யூனிட் பேட்டரி வெச்ச டாடா நெக்ஸான், ஏசி போட்டு ஹைவேல 100ல போனா முந்நூறை ஒட்டித்தான் வரும். சரி, வரட்டும். தினம் நாப்பது கிமீ ஓட்டுறவருக்கு அது போதாதா? ஷோரூம் போறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: வண்டி நிக்கிற இடத்துல ஒழுங்கான பாயிண்ட் இருக்கா, இல்லைன்னா போட விடுவாங்களா?

ஒழுங்கானதுன்னா என்னன்னும் சொல்லிடறேன். உங்க வீட்டு மீட்டர்ல இருந்து தனி லைன். 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தூரம் நாப்பது மீட்டரைத் தாண்டினா 6. அதுக்குன்னு தனியா லோடு மீறினா தானா விழுற 20 ஆம்ப் எம்சிபி, கரண்ட் கசிஞ்சா கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. கடைசியா எர்த். இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வெச்சா ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பத்துப் பதினஞ்சு காட்டினா பல சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டு நின்னுடும். அப்புறம் "வண்டி சரியில்ல"ன்னு சர்வீஸ் சென்டர்ல போய்ச் சண்டை!

பதினஞ்சு ஆம்ப் பாயிண்ட் இழுக்குறது 3.3 கிலோவாட். உங்க பாத்ரூம்ல இருக்கிற இன்ஸ்டன்ட் கெய்சர் 3 கிலோவாட். அதுக்கு எந்தக் கூட்டத்துல கைதூக்கினோம்? கெய்சர் பத்து நிமிஷம், கார் பத்து மணி நேரம்னு சொல்வீங்க. சரியான கேள்வி. அதனாலதான் தனி லைன் கேக்குறோம். நீங்க பாயிண்ட் தரலைன்னா என்ன நடக்கும் தெரியுமா? ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இறங்கும். போன வருஷம் பக்கத்துத் தெருவுல ஒண்ணைக் கழட்டிப் பார்த்தேன். பிளக் பின் பழுப்பேறி, சாக்கெட் ஓட்டை மெழுகு மாதிரி உருகிச் சப்பையாகியிருந்தது. நீங்க பயப்படுற தீயை நீங்களே கூப்பிட்டு உக்கார வெக்கிறீங்க.

"வேலூர் மறந்துபோச்சா?"ன்னு ஒருத்தர் குரூப்ல போட்டார். மறக்கல. 2022 மார்ச்ல அங்க எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்சு அப்பாவும் மகளும் செத்துப்போனது யாருக்கும் மறக்காது. அது வீட்டுக்குள்ள சார்ஜ் போட்ட ஸ்கூட்டர். அதே வருஷம் டிசம்பர்ல இருந்து பேட்டரி விதிகளை இறுக்கினாங்க. இப்போ பல கார்ல வர்ற எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி சுலபத்துல பத்திக்காது. பத்தவே பத்தாதுன்னு நான் சொல்லல. அதே பேஸ்மென்ட்ல டேங்க் நிறைய பெட்ரோலோட அறுபது வண்டி நிக்குதே, அதையும் கொஞ்சம் சொல்லுங்க.

"டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது"ங்கறது மட்டும் நியாயமான பேச்சு. இருபது கார் ஒரே நேரத்துல போட்டா 66 கிலோவாட். முறை வெச்சு ராத்திரி பதினோரு மணிக்கு மேல போடச் சொல்லுங்க, கேட்டுக்கறோம். அதைப் பேசவே யாரும் தயாரா இல்லையே! காருக்குத் தனி கனெக்‌ஷன் வாங்கலாம்னு மத்திய அரசு 2024 பிப்ரவரியிலேயே விதி போட்டாச்சு. அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அது மேல டீ கிளாஸ் வெச்சாங்க.

காசுக் கணக்கு வேணுமா? மாசம் 1,000 கிமீக்கு சுமாரா 150 யூனிட், ரெண்டு மாச பில்லுல 300. ஏற்கெனவே 500 யூனிட் ஓடுற வீட்டுல ஸ்லாப் ஏறி மூவாயிரம் ரூபாய் கூடும். 1,000 யூனிட்டைத் தாண்டின வீடுன்னா யூனிட் 11.80, மூவாயிரத்து ஐந்நூத்திச் சொச்சம். அதே 2,000 கிமீக்கு லிட்டருக்குப் பதினஞ்சு தர்ற பெட்ரோல் கார் பதிமூவாயிரத்தை விழுங்கும். ஆனா வீட்டுல பாயிண்ட் இல்லாம வெளிய டிசி ஃபாஸ்ட் சார்ஜர்ல யூனிட் இருபதுக்கு மேல கொடுத்து, வெயில்ல வரிசையில நின்னு, 80 சதவீதத்துக்கு மேல ஆமை வேகத்துல ஏறுறதைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்னா, வாங்காதீங்க. நானே சொல்றேன், வாங்காதீங்க.

பி பிளாக் சாருக்கு அறுபத்தெட்டு வயசு. இருபது வருஷமா மெயின்டனன்ஸ் ஒரு மாசம் தவறினதில்ல. ஜெனரேட்டர் டீசல் புகை மூணு வருஷமா அவர் பால்கனிக்குள்ளதான் போகுது. அதுக்கு ஒரு கூட்டம் போட்டோமா?

சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரோட வர்றார். அந்தப் பாயிண்ட்ல எர்த் எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு எல்லாரும் பார்க்க அளந்து காட்டுவார். கைதூக்கின இருபத்திரண்டு பேரும் கீழ வாங்க. காபி நான் போடறேன், கேஸ் அடுப்புலதான்.