பாக்கி வசூலுக்கும் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்

பொறியியல் கல்லூரிகளில் தொழில்முனைவு என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் நடுவராகப் போன போட்டிகளில் பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் ஒன்றே: ஒரு செயலி, வியாபாரத் திட்டத்தை ஒரே தாளில் காட்டும் ஒன்பது கட்டம் போட்ட பிசினஸ் மாடல் கேன்வாஸ், மூன்றாம் ஆண்டில் லாபம். “சரக்கு போன பிறகு பணம் எப்ப தம்பி வரும்?” என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிறான்.

சேலத்தில் இருந்துகொண்டு இது தெரியாமல் பட்டம் வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் அரை நாள் உட்காரச் சொல்லுங்கள். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கம்பி இழுத்து, வளையம் கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றி, மறுபடி எடை போட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும். பேசிய சேதாரத்தைத் தாண்டினால் நஷ்டம் பட்டறைக்காரர் தலையில். அதனால் கூட்டிய தூசியைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள், அதிலும் வெள்ளி இருக்கிறது. அடக்க விலை கணக்கிடக் கற்க இதைவிட நல்ல வகுப்பு எந்த ஸ்லைடில் இருக்கிறது?

ஜவ்வரிசியும் அப்படித்தான். மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து விலை. ஆலைக்காரர்கள் தனித்தனியாக விற்றால் வியாபாரி சொன்னதே விலை என்பதால்தான் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. அங்கே ரகசிய டெண்டர். யார் எவ்வளவு எழுதுவார் என்று கணிப்பது தனிக் கலை (நம் எம்பிஏ ஆட்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்).

சரி, வசூலுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவு வைத்திருப்பவர்களிலேயே எத்தனை பேர் இதைக் கேட்பார்கள்? கேட்டால் அடுத்த ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். ஆட்களுக்கோ சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும்.

இந்த இக்கட்டைத்தான் வகுப்பில் பேச வேண்டும். எல்லாப் பிள்ளையும் முதலாளி ஆக வேண்டியதில்லை, வேலைக்குப் போகிறவனுக்கும் இது உதவும். ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஒரு பட்டறையின் கணக்கு நோட்டைப் பார்க்கவிடுங்கள். கடைசியில் உரிமையாளர் பக்கத்தில் இருக்க, நிலுவை வைத்திருப்பவருக்கு மாணவன் போன் போடட்டும். அந்த போனுக்கு 20 மதிப்பெண் தரலாம், பிபிடிக்கு 5 போதும்.