ரபியிடம் கேள்வி கேட்கலாம்

"ரபி (யூத மத குரு) சொன்னால் சொன்னதுதான், ஏன் என்று கேட்பதே யூத மதத்தில் குற்றம்" என்று சிலர் எழுதுவது தப்பு. யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தால்மூத்தில் ஒரு இடம் பாருங்கள்: தன்னோடு சேர்ந்து படித்து வாதிட்ட ரேஷ் லாகிஷ் இறந்தபின் ரபி யோகனானுக்குத் துணையாக வந்தவர், யோகனான் எதைச் சொன்னாலும் "இதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஆமாம் போட, யோகனான் நொந்துபோய், ரேஷ் லாகிஷ் என்றால் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், அதில்தான் விஷயம் தெளிவாகும் என்று அழுகிறார். ஆமாம்சாமி அவருக்கே வேண்டாம்! கூச்சப்படுபவன் கற்கமாட்டான் என்று பழங்கால யூத அறிஞர் ஹில்லேலும் சொல்லியிருக்கிறார்.

அவர்கள் குழப்பிக்கொண்டது வேறொன்று என்று நினைக்கிறேன். ஒரு ரபி கூடாது என்று தீர்ப்புச் சொன்னபின், சாதகமான பதிலுக்காக இன்னொரு ரபியிடம் போகக்கூடாது, அது உண்மை. ஆனால் அவரிடமே திரும்பப் போய், எந்த அடிப்படையில் சொன்னீர்கள், எனக்குப் புரியவில்லை என்று மரியாதையாகக் கேட்க எந்தத் தடையும் இல்லை.