பெருவாய்ச் சுறாவைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்

1976 நவம்பர் 15. ஹவாயின் ஓஹூ தீவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக் கப்பல் ஒன்று நிற்கிறது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகாமலிருக்கக் கடலுக்குள் இறக்கியிருந்த பாராசூட்டை மேலே இழுக்கிறார்கள். கூடவே வருகிறது நாலரை மீட்டர் நீளம், 750 கிலோ எடையில் ஒரு சுறா. அதுவரை எந்த விஞ்ஞானியும் பார்த்திராத இனம். 'மெகாகாஸ்மா பெலாஜியோஸ்' என்று முறைப்படி பேர் வைக்கவே 1983 ஆகிவிட்டது. நாம் பெருவாய்ச் சுறா என்று சொல்லலாம்.

இதன் தோற்றத்தைக் கொஞ்சம் பாருங்கள். உருண்டைத் தலை, தடித்த உதடு, உள்ளே வரிசை வரிசையாகப் பொடிப்பற்கள். ஆனால் கடித்துத் தின்பதில்லை. நம்மூர் கூனி மாதிரியான பொடி உயிர்களைத் தண்ணீரோடு சேர்த்து வாங்கி வடிகட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். மேல் உதட்டுக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டை, தாடையை முன்னே நீட்டும்போது மட்டும் தெரியும். வாய் ஒளிரும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். இல்லை, படுகிற வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பட்டைதான் என்று 2020இல் வந்த ஆய்வு சொன்னது.

1990இல் கலிபோர்னியாவில் வலையில் சிக்கிய ஒன்றுக்குக் கருவி பொருத்தி இரண்டு நாள் பின்தொடர்ந்தார்கள். பகலில் 120 மீட்டருக்கும் கீழே, இரவானால் 25 மீட்டருக்குள். இரை மேலே வந்தால் அதுவும் வருகிறது. சிக்கல் அங்கேதான். ராத்திரியில் மேல்மட்டத்தில் மிதவலை விரிக்கிற இடத்தில் நேராக வந்து மாட்டுகிறது. தைவானின் ஹுவாலியன் கரையில் அப்படித்தான் நிறைய சிக்கின. 2020இல் தைவான் இதைப் பிடிக்கத் தடை போட்டது. மிகச் சரியான முடிவு என்பேன்.

உலகம் முழுக்க இதுவரை பதிவானவை சில நூறுதான். ஆனாலும் எந்த உயிரினம் எவ்வளவு அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று மதிப்பிடும் ஐயுசிஎன் என்ற உலக அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இது 'தீவாய்ப்பு குறைந்த' இனம், அதாவது அழியும் ஆபத்து குறைவானது. வாழும் பரப்பில் பெரும்பகுதியில் மீன்பிடித் தொல்லை குறைவு என்பது அவர்கள் சொல்லும் காரணம். சரி, புரிகிறது. ஆனால் எத்தனை இருக்கின்றன, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை குட்டி போடும் என்பதே தெரியாதபோது என்னால் அதை ஏற்க முடியவில்லை.

2024 நவம்பரில் பிலிப்பைன்ஸின் டிபாகுலாவோ கரையில் ஒரு தாய்ச் சுறா செத்து ஒதுங்கியது. வயிற்றுக்குள் குட்டிகள். இந்த இனத்தின் பிறக்காத குட்டிகளை மனிதர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான், அந்த ஓஹூ சம்பவம் நடந்து 48 வருடம் கழித்து.