வண்ணக் கலவைத் தீவனம் முயலுக்குக் கூடுதல் சத்து தருமா?

“விதை, சோளம், உலர்பழம், வண்ணத் துண்டுகள் கலந்த தீவனமே வளர்ப்பு முயலுக்கு முழுச் சத்துணவு, அதைக் கொடுத்தால் புல் தேவையில்லை” என்று பரவிவரும் தகவல் தவறானது. அத்தகைய கலவையைக் கிண்ணத்தில் வைத்தால், இனிப்பும் மாவுச்சத்தும் மிகுந்த துண்டுகளை முயல் முதலில் பொறுக்கித் தின்றுவிட்டு, நார்ச்சத்துள்ள பழுப்புநிற பெல்லட்டுகளை (அரைத்து அழுத்திய தீவனத் துண்டுகளை) அப்படியே ஒதுக்கிவிடுவது வழக்கம் என்பதால், பையில் அச்சிட்ட சத்து அளவு ஒன்றாகவும் வயிற்றுக்குள் போவது வேறாகவும் ஆகிவிடுகிறது. மாவுச்சத்து மிகுந்தால் குடல் நுண்ணுயிர்களின் சமநிலை கெடும், உடல் பருக்கும். வண்ணத்தால் கவரப்படுவது, உண்மையில், வாங்குபவரின் கண்தான்.

வளர்ந்த முயலுக்கு, எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரியாக உள்ள, நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாத, புரதம் 12 முதல் 14 சதவீதம் வரை உள்ள, திமோத்தி போன்ற புல்லை முதன்மைப் பொருளாகக் கொண்ட பெல்லட் ஏற்றது. புரதமும் கால்சியமும் மிகுந்த குதிரைமசால் (அல்ஃபால்ஃபா என்னும் தீவனப் பயிர்) வகை பெல்லட், வளரும் குட்டிகளுக்கானது. எதுவாயினும், வளர்ந்த முயலின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குப் பெல்லட் 25 கிராமைத் தாண்ட வேண்டாம். வாழ்நாள் முழுவதும் வளரும் பற்கள் தேய்வதற்கு உலர்புல்லை நெடுநேரம் மெல்லுவது அவசியம் என்பதால், உணவின் பெரும்பகுதி அதுவாகவே இருக்க வேண்டும். கலவையிலிருந்து மாற்றுவோர், புதியதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இரண்டு வாரங்களில் மாற்றலாம்.